மூன்று பழைய டீசல் கார்களும் ஒரு டாஸும்

கேள்வி: ஐயா, வணக்கம். டர்பனின் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். கடை பைன்டவுனில், போக 12 கி.மீ., வர 12 கி.மீ. மகள் ஜோகன்னஸ்பர்க்கில் இருப்பதால் மாதம் இரண்டு முறை அங்கே போய் வருகிறோம். அம்மாவுக்கு 78 வயது, முதுகு வலி. இப்போதுள்ள பழைய டொயோட்டா டாஸில் அவரை அவ்வளவு தூரம் கூட்டிப்போக முடியவில்லை. பெரிய டீசல் செடான் ஒன்று வாங்கலாம் என்று மூன்று வண்டி பார்த்து வைத்திருக்கிறேன்.

1. 2008 பி.எம்.டபிள்யூ. 530டி, 212,000 கி.மீ., டர்பன் வண்டி, 125,000 ரேண்ட். சர்வீஸ் புத்தகத்தில் 100,000 கி.மீ. வரைதான் முத்திரை இருக்கிறது.
2. 2008 மெர்சிடிஸ் இ320 சிடிஐ, 265,000 கி.மீ., ஜோகன்னஸ்பர்க்கில் தனியார் ஒருவரிடம், 110,000 ரேண்ட். எல்லா ரசீதும் வைத்திருக்கிறார். அடியில் கொஞ்சம் எண்ணெய்க் கசிவு. "இந்த வயசில் அது சகஜம்" என்கிறார்.
3. 2009 ஆடி ஏ6 3.0 டிடிஐ குவாட்ரோ, 168,000 கி.மீ., பைன்டவுன் டீலரிடம், 149,000 ரேண்ட். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று விநாடி கரகரவென்று சத்தம். "டீசல் என்றால் அப்படித்தான்" என்கிறார்கள்.

கையில் 140,000 ரேண்ட் இருக்கிறது. டாஸையும் விற்றால் மொத்தம் 160,000 ஆகும். எதை வாங்கலாம்? இவ்வளவு ஓடிய வண்டி வேண்டாம், 520டி அல்லது இ250 சிடிஐ மாதிரி சின்ன எஞ்சின் எடு என்று மைத்துனர் சொல்கிறார். அது சரியா?

பதில்: அன்புள்ள ஐயா, வணக்கம்.

முதலில் டாஸ். அதை விற்காதீர்கள். நீங்கள் வாங்கப்போகும் டீசல் வண்டிக்கு ஆயுள் காப்பீடே அந்த டாஸ்தான்.

காரணம் உங்கள் கணக்கிலேயே இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் போய்வர ஒரு தடவைக்குச் சுமார் 1,140 கி.மீ.; மாதம் இரண்டு தடவை என்றால் 2,280. இதற்கு டீசலைவிடப் பொருத்தமான எஞ்சின் கிடையாது. ஆனால் பைன்டவுனுக்கான 12 கி.மீ. ஓட்டத்தில் மூன்று லிட்டர் எஞ்சின் சரியாகச் சூடேறவே நேரம் போதாது. நடுவில் ரோபோட்டில், அதாவது சிக்னலில், நின்று நின்று வேறு போக வேண்டும். டீசல் புகைவடிகட்டி, அதாவது டிபிஎஃப், தன்னுள் சேர்ந்த கரியைச் சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துத் தள்ள வேண்டும். அதற்கு எஞ்சின் முழுச் சூட்டில் இருக்க வேண்டும்; நெடுஞ்சாலை வேகத்தில் 15, 20 நிமிடம் தொடர்ந்து ஓட வேண்டும். எரிப்பு தொடங்கி ஐந்து நிமிடத்தில் கடை வாசலில் சாவியைத் திருப்பி அணைத்தால், எரிப்புக்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எஞ்சின் எண்ணெயில் கலக்கும். சில வாரம் இப்படியே ஓட்டினால் எண்ணெய் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறும். பார்ப்பவருக்கு நல்ல சேதி போலத் தெரியும். உண்மையில் பேரிங்குகளும் டர்போவும் நீர்த்த எண்ணெயில் ஓடிக்கொண்டிருக்கும்.

எனவே கடைக்கு டாஸ், மகள் வீட்டுக்கு டீசல். டாஸ் விற்று வரும் 20,000 ரேண்ட் ஒரு டிபிஎஃப் கோளாறையோ ஒரு டர்போவையோ கூடத் தாங்காது. பிராஸ்பெக்டனில் செய்த வண்டி அது. பாகம் கிடைக்காத தெருவே டர்பனில் இல்லை.

அடுத்து மைத்துனரின் யோசனை. எரிபொருள் மிச்சம் என்பதில் அவர் சொல்வது சரி. ஆனால் 520டியில் 2007 முதல் வந்த என்47 எஞ்சினில், வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் செயின் முன்பக்கம் இல்லை, கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. 2011 வரையிலான எஞ்சின்களில் அது தேய்வதும் அறுவதும் ஊரறிந்த விஷயம். அறுந்தால் எஞ்சின் போச்சு; அறுவதற்கு முன் மாற்றவும் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும். போதாததற்கு, இந்த வரிசை டீசல்களில், எஞ்சினுக்குத் திரும்பும் புகையைக் குளிர்விக்கும் ஈஜிஆர் கூலர் கசிந்து தீப்பிடித்ததால் 2018இல் பி.எம்.டபிள்யூ. பல நாடுகளில் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இப்படி ஒன்றைப் பார்க்கப் போனால், வண்டியின் விஐஎன் எண்ணை, அதாவது அதற்கே உரிய அடையாள எண்ணை, கொடுத்து அந்த வேலை முடிந்ததா என்று டீலரிடம் கேட்காமல் நகராதீர்கள். இ250 சிடிஐயின் ஓஎம்651 எஞ்சினிலும் செயின் பின்பக்கம்தான். அதன் தொடக்க வருடங்களில் வந்த, டீசலைப் பீய்ச்சும் டெல்ஃபை பீசோ இன்ஜெக்டர்கள் நிறையப் பழுதாகி, சாலினாய்டு வகையால் மாற்றப்பட்டன. மாற்றிய ரசீது இருந்தால் நல்ல வண்டிதான். ஆனால் உங்கள் பணத்துக்கு வரும் இ250 அநேகமாக ரசீது இல்லாததாகவே இருக்கும்.

இனி நீங்கள் பார்த்த மூன்று.

ஆடியை விட்டுவிடுங்கள். ஓட்டம் குறைவு, டீலர் விற்பனை, நான்கு சக்கர இழுவை, பளபளப்பு எல்லாம் சரி. ஆனால் அந்தக் கரகர சத்தம் டீசல் சத்தம் அல்ல. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் சத்தம். இரவு முழுவதும் நின்றதில் டென்ஷனரில் எண்ணெய் அழுத்தம் இறங்கிவிடும். காலையில் அழுத்தம் திரும்ப ஏறும்வரை தளர்ந்த செயின் வழிகாட்டிகளில் அடிபடும். அதுதான் அந்த இரண்டு மூன்று விநாடி. இந்த வி6இலும் செயின்கள் பின்பக்கம். வேலைக்கு எஞ்சினையோ கியர்பாக்ஸையோ கழற்றியே தீர வேண்டும். 149,000 கொடுத்தபின் இதற்கு உங்களிடம் என்ன மிஞ்சும்? யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற கதையாகிவிடும்.

ஒருவேளை மனசு அதிலேயே இருந்தால் ஒரு சட்ட விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். டீலரிடம் வாங்கும் வண்டிக்கு 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாத உத்தரவாதம் உண்டு. குறை தெரிந்தால் பழுது பார்க்கவோ மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பிக் கேட்கவோ உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் "ஸ்டார்ட் செய்யும்போது செயின் சத்தம் இருப்பது வாங்குபவருக்குத் தெரிவிக்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதி அதில் உங்கள் கையெழுத்தும் விழுந்துவிட்டால், அந்தக் குறைக்கு உத்தரவாதம் கேட்பது கஷ்டம். டீலர் நீட்டும் தாளில் அச்சடித்ததைவிடப் பேனாவால் எழுதியதைக் கவனமாகப் படியுங்கள். "சத்தத்தைச் சரிசெய்து, செயின் டென்ஷனர் மாற்றிய ரசீதோடு கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் பேசலாம். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்தச் சத்தம் என்னவென்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

பி.எம்.டபிள்யூ.வில் இருப்பது எம்57 எஞ்சின். மூன்றில் அடிப்படையில் பலமான எஞ்சின் இதுதான்: நேர்வரிசை ஆறு சிலிண்டர், செயின் முன்பக்கம், அதில் தொல்லை அபூர்வம். குறை இருப்பது எஞ்சினைச் சுற்றியுள்ள சாமான்களில். எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் காற்றைச் சுழற்றிவிடும் சிறு தகடுகள் உண்டு. பழைய எம்57களில் இவற்றின் அச்சு உடைந்து தகடு சிலிண்டருக்குள் விழுந்து எஞ்சினை அழித்த கதைகள் உண்டு. பிந்தைய வருட வண்டிகளில் பெரும்பாலும் அச்சு ஓரம் எண்ணெய் கசிவதோடு நிற்கும். எப்படியும் ஆறு தகட்டையும் எடுத்து அடைப்புத் தட்டு போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். கிராங்க் புல்லியில் உள்ள ரப்பர் வெடித்தால் ஐடிலில் கடகடவென ஆடும். பெல்ட் பிய்ந்து புல்லிக்குப் பின்னால் மாட்டி முன் சீலையும் கெடுக்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் விரிசல் விட்டால், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஹீட்டர் வழியே புகை நாற்றம் உள்ளே வரும்.

இதில் பலர் கவனிக்காதது தெர்மோஸ்டாட், அதாவது கூலன்ட் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு. எம்57இல் இரண்டு உண்டு: எஞ்சினுக்கு ஒன்று, ஈஜிஆர் கூலருக்கு ஒன்று. வயதான பின் இவை திறந்தபடியே நின்றுவிடும். இந்த மாடலின் டாஷ்போர்டில் வெப்பமானி கிடையாது என்பதால் ஓட்டுபவருக்குத் தெரியாது. வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி என்2 சாலையில் 20 நிமிடம் ஓட்டுங்கள். கூலன்ட் வெப்பம் 88, 90 டிகிரியில் நிலையாக நிற்க வேண்டும். 70ஐ ஒட்டியே அலைந்து, இறக்கத்தில் அதற்கும் கீழே போனால் தெர்மோஸ்டாட் போய்விட்டது. எஞ்சின் 75 டிகிரியைத் தாண்டாவிட்டால் டிபிஎஃப் எரிப்பு தொடங்கவே தொடங்காது. மலிவான இந்தப் பாகத்தை மாற்றாமல், அடைத்த டிபிஎஃப்பை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

ஆனாலும் இந்த 530டியை நான் இரண்டாம் இடத்தில்தான் வைக்கிறேன். காரணம் அந்தச் சர்வீஸ் புத்தகம். பி.எம்.டபிள்யூ.வின் மோட்டார்பிளான் ஐந்து வருடம் அல்லது 100,000 கி.மீ. அதுவரை செலவு கம்பெனியுடையது. அதனால் முத்திரைகள் வரிசையாக விழும். அதற்குப் பிறகு செலவு சொந்தக் கையிலிருந்து. அங்கேதான் ஒரு வண்டியின் உண்மையான வரலாறு தொடங்குகிறது, உங்கள் வண்டியின் புத்தகமோ சரியாக அங்கேயே நின்றுபோயிருக்கிறது. அடுத்த 112,000 கி.மீ.இல் எத்தனை முறை எண்ணெய் மாற்றினார்கள், எந்த எண்ணெய் ஊற்றினார்கள் என்பதற்கு ஒரு சான்றும் இல்லை. இதே விதி மெர்சிடிஸுக்கும் ஆடிக்கும் உண்டு: தென்னாப்பிரிக்காவில் சொகுசு கார் பார்க்கும்போது பிளான் காலத்து முத்திரைகளை எண்ணுவதில் பயனில்லை, பிளான் முடிந்த பிறகான ரசீதுகளை எண்ணுங்கள்.

தவிர, டர்பன் வண்டி என்பதால் உப்புக்காற்று. டிக்கியில் பேட்டரிக்குப் பக்கத்திலும் அடிப்பள்ளத்திலும் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஈரமோ வெள்ளைப் பூச்சோ இருந்தால் மின்சாரத் தொல்லைக்கு விதை போட்டாயிற்று. இந்த மாடலின் முன்பகுதிக் கட்டமைப்பு அலுமினியம், ரிவெட்டும் பசையும் கொண்டு இணைத்தது. சாதாரணப் பட்டறையில் வெல்டிங் வைத்து நிமிர்த்தக் கூடாது. பானெட்டைத் திறந்து இரு பக்கச் சட்டங்களிலும் ரிவெட் வரிசை ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் புதுசாகவோ, வெல்டிங் தடயமோ தெரிந்தால் அடிபட்ட வண்டி. காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃபிளாட் டயர், ஸ்பேர் வீல் இல்லை என்பதையும் யோசியுங்கள். ஜோகன்னஸ்பர்க் வழியில் ஹாரிஸ்மித்துக்கு இந்தப் பக்கம் இரவில் ஒரு குழி டயரைக் கிழித்தால், அம்மாவை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

மிஞ்சியது மெர்சிடிஸ். 265,000 கி.மீ. என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். நான் அந்த எண்ணுக்குப் பின்னால் உள்ள ரசீதுகளைப் பார்க்கிறேன். இந்த ஓஎம்642 வி6 டீசல் ஒழுங்காக எண்ணெய் மாற்றினால் அந்தத் தூரத்தைச் சாதாரணமாகத் தாண்டும். 2008 மாடல் என்பதால் ஒரு நிம்மதி: 2006 நடுவில் வந்த மாற்றத்தோடு இந்த இ-கிளாஸில் மின்னணு எஸ்பிசி பிரேக் போய்விட்டது. அதற்கு முந்தைய வண்டிகளில் அந்த பம்ப், பிரேக்கை இத்தனை முறை அழுத்தலாம் என்ற தன் கணக்கு முடிந்ததும் சிவப்பு எச்சரிக்கை காட்டி, விலை கூடிய மாற்றத்தில் கொண்டுபோய் விடும். அதை நீங்கள் யோசிக்கவே வேண்டாம்.

அந்த எண்ணெய்க் கசிவைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் பேரமும் முடிவும் அதில்தான் இருக்கின்றன.

வி எஞ்சினின் இரு கரைக்கும் நடுவே ஒரு பள்ளத்தாக்கு. அதன் அடியில் எண்ணெய்க் கூலர் உட்கார்ந்திருக்கிறது, மேலே டர்போ. கூலருக்குக் கீழே உள்ள ரப்பர் சீல்கள் வருடக்கணக்கான சூட்டில் கல்லாக இறுகிவிடும். எண்ணெய் மெல்லப் பள்ளத்தாக்கில் நிரம்பி, எஞ்சினின் பின்பக்கம் வழிந்து, கியர்பாக்ஸ் இணையும் மூட்டில் சொட்டும். அடியில் படுத்துப் பார்க்கும் மெக்கானிக்குக் கிராங்க் பின் சீல் போய்விட்டதாகவே தோன்றும். கியர்பாக்ஸை இறக்கி அந்தச் சீலை மாற்றுவார்கள். ஒரு மாதத்தில் கசிவு திரும்பும். ஆகவே வாங்குமுன் எஞ்சின் மேல்மூடியைக் கழற்றி, டர்போவுக்கு அடியில் பள்ளத்தாக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். எண்டோஸ்கோப் கேமரா இருந்தால் இன்னும் நல்லது. அங்கே எண்ணெய் தேங்கியிருந்தால் கூலர் சீல்தான். பள்ளத்தாக்கு உலர்ந்திருந்தும் கியர்பாக்ஸ் மூட்டில் ஈரம் என்றால் வேறு இடம், அப்போது நிதானியுங்கள்.

சீல்கள் விலை மலிவு. பழையவை ஆரஞ்சு நிறம். திருத்திய வைட்டான் சீல்கள் ஊதா நிறம். மாற்றும்போது ஊதாதான் வேண்டும் என்று சொல்லுங்கள். செலவு முழுக்கக் கூலியில்: டர்போ, இரு இன்டேக் மேனிஃபோல்டுகள், குழாய்கள் எல்லாம் கழன்று வர வேண்டும், பழக்கப்பட்ட கைக்கும் இரண்டு நாள் வேலை. அவ்வளவு திறந்தபிறகு மற்றவற்றை அப்படியே மூடக் கூடாது. டர்போ வாயில் காற்றுக்குழாய் சேரும் இடத்து ரப்பர் வளையம், மேனிஃபோல்ட் கேஸ்கெட்டுகள், டர்போ கேஸ்கெட்டுகள் எல்லாம் புதிது போட வேண்டும். இன்டேக் துளைகளில் அடைந்த கரியையும் சுரண்டி எடுக்க வேண்டும்.

அந்த ரப்பர் வளையம் சின்ன சமாச்சாரம் போலத் தெரியும். எஞ்சின் மூச்சுக்குழாயிலிருந்து வரும் எண்ணெய் ஆவி அங்கே சேர்கிறது. வளையம் இறுகினால் துளித்துளியாகக் கீழே சொட்டும். சரியாக அதற்குக் கீழே இன்டேக் தகடுகளை அசைக்கும் சிறு மோட்டார். அது எண்ணெயில் ஊறிச் சாகும். செக் எஞ்சின் விளக்கு எரிந்து, வண்டி சக்தி இழந்து லிம்ப் மோடுக்குப் போகும். ஜோகன்னஸ்பர்க் போகும் என்3 சாலையின் வான் ரீனன் ஏற்றத்தில் லாரிகளுக்கு நடுவே இது நடந்தால் வேடிக்கையாக இருக்காது. சில இடங்களில் மோட்டாருக்குப் பதில் அதன் பிளக்கில் ஒரு சிறு ரெசிஸ்டரைச் செருகி விளக்கை மட்டும் அணைத்து வைப்பார்கள். பிளக் மோட்டாரில்தான் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

இன்ஜெக்டர்களைச் சுற்றித் தார் போலக் கறுப்பாக இறுகிய படிவம் இருக்கிறதா? சுடும்போது "சுக் சுக்" என்று காற்று அடிக்கிறதா? இன்ஜெக்டரின் அடியிலுள்ள செம்பு வாஷர் விட்டுக்கொடுத்துவிட்டது. ஆரம்பத்தில் பார்த்தால் இன்ஜெக்டரை எடுத்து, அதன் இருக்கையைச் சுத்தம் செய்து, புது வாஷரும் புது போல்ட்டும் போட்டால் தீர்ந்தது. பழைய போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது. இறுக்கும்போது நீள்கிற வகை அது. வருடக்கணக்கில் விட்டால் இன்ஜெக்டர் தாரில் புதைந்து வெளியே வராது. இவை பீசோ இன்ஜெக்டர்கள். திரும்பு குழாயிலும் அழுத்தம் தேவை. எனவே சாதாரண டீசலுக்குச் செய்வதுபோல் குழாயைப் பிடுங்கிப் பாட்டிலில் பிடித்து அளக்க யாரையும் விடாதீர்கள். ஸ்கேனரில் ஆறு சிலிண்டருக்குமான திருத்த அளவுகளைப் படித்தால் போதும். ஒன்று மட்டும் மற்ற ஐந்திலிருந்து தள்ளி நின்றால் அதுதான் சந்தேகப்புள்ளி.

கியர்பாக்ஸ் ஏழு வேகம். கண்டக்டர் பிளேட் எனப்படும் உள் மின்பலகையில் வேக உணரிகள் பழுதாவது இதன் பலவீனம். ஒரே கியரில் மாட்டிக்கொள்வது அறிகுறி. ரசீதுகளில் கியர் எண்ணெய் மாற்றிய வேலை இருக்கிறதா என்று தேடுங்கள். 60,000 கி.மீ.க்கு ஒருமுறை வடிகட்டியோடு மாற்றுவது இதற்கு நல்லது. இந்த வருட வண்டிக்கு 236.14 தர எண்ணெய். பின்னால் வந்த நீல எண்ணெய் வேறு பெட்டிக்குரியது, மாற்றி ஊற்றக் கூடாது. காற்று சஸ்பென்ஷன் பொருத்திய வண்டியா என்றும் கேளுங்கள். அப்படியானால் இரவு நிறுத்தி, காலையில் நான்கு மூலையும் சம உயரத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அம்மாவின் முதுகுக்கு அது சுகம்தான், ஆனால் சாதாரண ஸ்பிரிங் வண்டி உங்கள் பணத்துக்குப் பத்திரம்.

டிபிஎஃப் பற்றி ஒன்று. இந்த வயது வண்டிகள் எல்லாவற்றிலும் அது இருக்கும் என்று நினைக்காதீர்கள், இருந்ததை உள்ளே குடைந்து எடுத்துவிட்டு மென்பொருளை மாற்றியிருக்கவும் கூடும். விஐஎன் எண்ணைக் கொண்டு டீலரிடம் கேளுங்கள், பிறகு அடியில் பாருங்கள். உருளையின் மேல் வெட்டி ஒட்டிய வெல்டிங் தடம் தெரிந்தால் விஷயம் அதுதான்.

பார்க்கப் போகும் விதம்: முந்தின நாளே விற்பவரிடம் "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று சொல்லுங்கள். போனதும் பானெட்டைத் திறந்து எஞ்சின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,750 மீட்டர். டர்போ பிடிக்கும் முன் வண்டி கொஞ்சம் மந்தமாகத் தெரியும், அதைக் குறையென்று எண்ண வேண்டாம். அங்கத்திய வண்டியில் துரு குறைவு, ஆனால் ஆலங்கட்டி மழை உண்டு; கூரையையும் பானெட்டையும் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்கேனரில் டாஷ்போர்டு தூரத்தை மட்டும் பார்த்து நிறுத்தாமல், மற்ற கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் பதிவான தூரத்தையும் ஒப்பிடச் சொல்லுங்கள்.

காகித வேலையில் பதிவுச் சான்றிதழைப் பாருங்கள். ‘டைட்டில் ஹோல்டர்’ இடத்தில் வங்கியின் பெயர் இருந்தால் கடன் பாக்கி. வங்கியின் தீர்வுக் கடிதம் பார்த்து, பணத்தை நேரே வங்கிக்குச் செலுத்துங்கள். தனியார் விற்பனை என்பதால் ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’, இருந்தபடியே வாங்குவது. ஆறு மாத உத்தரவாதம் இங்கே கிடையாது. தெரிந்தே ஒரு குறையை மறைத்தார் என்று நிரூபித்தால்தான் அந்தச் சொல் அவரைக் காப்பாற்றாது. ஆகவே கசிவு பற்றி வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்டு, எழுத்தாகப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற ரோட்வர்த்தி சான்றிதழ் 60 நாள் செல்லும். அது எஞ்சினின் உள்ளுடம்பைச் சொல்லாது. உரிமை மாற்றத்தை 21 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள்.

விலை. பள்ளத்தாக்கில் எண்ணெய் தேங்கி, மற்றவை சுத்தம் என்றால், பட்டறை ஒன்றில் கூலர் சீல் வேலைக்கு எழுத்தில் மதிப்பீடு வாங்கி 110,000இலிருந்து கழியுங்கள். அவர் "சகஜம்" என்று சொன்ன கசிவுக்கு அவரே விலை தர வேண்டியதுதான். 100,000 பக்கம் இறங்கினால் நல்ல பேரம். மீதி 40,000த்தைத் தொடாமல் வைத்திருங்கள். இறங்கவே மாட்டேன் என்றால், ரசீது உள்ள இன்னொரு இ280 அல்லது இ320 சிடிஐயைத் தேடுங்கள். எஞ்சின் குடும்பம் ஒன்றுதான். 280இன் சக்தி குறைவு, ஆனால் என்3க்கு அது தாராளம்.

வண்டியை ஓட்டி டர்பன் வரும்போது 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) கந்தகம் உள்ள டீசலைத் தவிர்த்து 50 பிபிஎம் அல்லது அதற்கும் குறைந்த கந்தகம் உள்ளதை நிரப்புங்கள். பெட்ரோலுக்கு இருப்பதுபோல் டீசலுக்குக் கட்டுப்பாட்டு விலை இல்லை; பங்க்குக்குப் பங்க் வேறுபடும் என்பதால் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். வந்து சேர்ந்த வாரமே எஞ்சின் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றுங்கள்: எட்டரை லிட்டர், டிபிஎஃப் உள்ள வண்டி என்றால் மெர்சிடிஸின் எம்பி 229.51 தரம். அதன் பிறகு 10,000 கி.மீ.க்கு ஒருமுறை, ஜோகன்னஸ்பர்க் ஓட்டம் மட்டும் என்றால் நாலரை மாதத்துக்கு ஒருமுறை என்று கணக்கு வரும். டீசல் ஃபில்டரையும் அப்போதே போட்டுவிடுங்கள். எண்ணெய் மட்டத்தை மாதம் ஒருமுறை பாருங்கள். குறைந்தால் கசிவு, ஏறினால் யாரோ வீட்டில் மெர்சிடிஸைக் கடைக்கு எடுத்துப் போகிறார்கள்.